கசிவை யார் சொல்வது?

எங்கள் தெருமுனையில் ஒரு பெட்ரோல் விற்பனை நிலையம் உண்டு. காலை நடைக்குச் செல்லும்போது அங்கே ஒரு காட்சியைத் தவறாமல் காண்பேன். ஊழியர் ஒருவர் தரையிலுள்ள இரும்பு மூடியைத் திறந்து, அளவுகள் பொறித்த நீண்ட உலோகக் கோலைத் தொட்டிக்குள் இறக்கி எடுப்பார். கோலின் நுனியில் ஒரு பசை தடவப்பட்டிருக்கும். தொட்டியின் அடியில் தண்ணீர் சேர்ந்திருந்தால் அந்தப் பசை நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துவிடும். கோல் நனைந்த அளவைப் பார்த்து, அட்டவணையின் துணையுடன் லிட்டராக மாற்றி, ஒரு பேரேட்டில் எழுதி வைப்பார். 'டிப் எடுப்பது' என்று அந்தத் தொழிலில் இதற்குப் பெயர். இப்போது பெரும்பாலான நிலையங்களில் தொட்டிக்குள்ளேயே மின்னணு அளவுமானி வந்துவிட்டது. ஆனாலும் கோலும் பேரேடும் விடைபெற்றுவிடவில்லை.

நீண்டகாலம் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் என்பதால் கணக்கேடுகள் மீது எனக்குத் தனி ஈர்ப்பு உண்டு. இந்தப் பேரேட்டில் நேற்றைய இருப்பு, லாரியில் வந்து இறங்கியது, விற்பனையானது, இன்றைய இருப்பு ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத நாளில், மண்ணுக்கடியில் ஏதோ நடக்கிறது என்று முதன்முதலில் சொல்லக்கூடிய சாட்சி இந்தப் பேரேடுதான். அந்தச் சாட்சி ஏன் வாய் திறப்பதில்லை என்று யோசிக்க வேண்டிய நிலை எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஏற்பட்டது.

அந்த நிலையத்துக்குப் பின்புறத் தெருவில் வசிக்கும், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர் ஒருநாள் காலை ஒரு செம்புத் தண்ணீருடன் என் வீட்டுக்கு வந்தார். "சார், இதைக் கொஞ்சம் முகர்ந்து பாருங்கள்" என்றார். அவர் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பெட்ரோலா மண்ணெண்ணெயா என்று பிரித்துச் சொல்ல முடியாத, ஆனால் தண்ணீரில் இருக்கக் கூடாத ஒரு வாடை. இருவரும் நிலையத்தின் டீலரிடம் போனோம். அவர் கோபப்படவில்லை. எங்களை உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். "எங்கள் கணக்கு சரியாக இருக்கிறது சார். கசிந்தால் நஷ்டம் முதலில் எனக்குத்தானே?" என்று கேட்டார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. உண்மையில் அது ஒரு நல்ல பொருளியல் வாதம். தன் சரக்கு வீணாவதை எந்த வணிகரும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டார். அந்த வாதம் எவ்வளவு தூரம் செல்லும், எந்த இடத்தில் முறிந்துவிடும் என்பது பின்னர் இதைப் பற்றிப் படித்தபோதுதான் புரிந்தது. நண்பர் இரண்டு அலுவலகங்களுக்கு மனு எழுதினார், பதில் வரவில்லை. கிணற்று மோட்டார் அறையைப் பூட்டிவிட்டுக் கேன் தண்ணீருக்கு மாறிவிட்டார்.

இந்தியாவில் பெட்ரோல் விற்பனை நிலையங்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தை எட்டியிருக்கிறது. ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு தொட்டிகள்; ஒரு தொட்டிக்கு 20,000 லிட்டர் கொள்ளளவு என்பது சாதாரணம். இவை புதைக்கப்படுவதற்குக் காரணம் தீவிபத்து அச்சம். தரைக்கு மேலே இருந்தால் ஆபத்து. மண்ணுக்குள் இருந்தால் தீ அண்டாது. ஆனால் எஃகைத் துரு அண்டும். ஈரமான மண்ணிலும் உப்பு மண்ணிலும் அரிப்பு விரைவாக நடக்கும். தொட்டியைவிட, அதிலிருந்து விற்பனைக் கருவிக்குச் செல்லும் குழாய்களும் அவற்றின் இணைப்புகளும் பலவீனமானவை.

கசிந்த பெட்ரோல் மண்ணின் இடுக்குகள் வழியே கீழிறங்கி, நிலத்தடி நீரைத் தொட்டதும் அதன்மேல் மிதக்கும். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் அதுவும் உயரும். கோடையில் தாழ்ந்தால் அதுவும் தாழும். இப்படி ஏறி இறங்கும் வழியெல்லாம் மண்ணில் படிந்துகொண்டே போகும். மிதக்கும் பெட்ரோலிலிருந்து சில பொருள்கள் நீரில் கரைந்து, நீரோட்டத்தின் திசையில் மெல்லப் பயணம் செய்யும். அவற்றுள் முக்கியமானது பென்சீன். மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று ஐயமற நிறுவப்பட்டது அது.

அமெரிக்காவில் குடிநீரில் அனுமதிக்கப்பட்ட பென்சீன் அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம். நம் நாட்டுப் பெட்ரோலில் 1 சதவீதம் வரை பென்சீன் இருக்கலாம். அப்படியானால் ஒரு லிட்டர் பெட்ரோலில் 10 மில்லி லிட்டர், அதாவது எடையில் ஏறக்குறைய 9 கிராம். அது முழுவதும் நீரில் கரைவதாக வைத்துக்கொண்டால், சுமார் 17 லட்சம் லிட்டர் தண்ணீரை அமெரிக்க வரம்புக்குக் கொண்டுபோய்விடும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால் ஏறத்தாழ 145 லாரி. உண்மையில் முழுவதும் கரைவதில்லை. ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதியை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ஆனாலும் விகிதாசாரம் விளங்கும். கணக்கேட்டில் ஒரு லிட்டர் என்பது பொருட்படுத்தத் தகாத எண். கிணற்றில் அப்படி இல்லை.

இந்தச் சிக்கலை ஒரு நாடாக முதலில் பெரிய அளவில் சந்தித்தது அமெரிக்கா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார்கள் பெருகியபோது அங்கே ஊர்தோறும் பெட்ரோல் நிலையங்கள் முளைத்தன. புதைக்கப்பட்ட தொட்டிகளில் பெரும்பாலானவை பாதுகாப்புப் பூச்சு இல்லாத வெறும் எஃகு. இருபது, முப்பது ஆண்டுகளில் அவை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டை விழத் தொடங்கின. 1983-ஆம் ஆண்டு சிபிஎஸ் தொலைக்காட்சியின் '60 மினிட்ஸ்' நிகழ்ச்சி, கசியும் தொட்டிகளால் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் கதையை நாடு முழுவதும் காட்டியது. அடுத்த ஆண்டே, 1984 நவம்பரில், நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்திருத்தத்தில் அதிபர் ரீகன் கையொப்பமிட்டார். அரசின் கட்டுப்பாடுகளைக் குறைப்பதையே கொள்கையாகக் கொண்டிருந்தவர் அவர். குடிநீர் விஷயத்தில் கொள்கை சற்று வளைந்து கொடுத்தது போலும்.

விரிவான விதிகள் 1988-இல் வந்தன. பழைய தொட்டிகளை மேம்படுத்தவோ அகற்றவோ பத்தாண்டு அவகாசம் தரப்பட்டது. 1998 டிசம்பர் 22 கடைசி நாள். அப்போது அங்கே 20 லட்சத்துக்கும் அதிகமான தொட்டிகள் இருந்தன. செலவைத் தாங்க இயலாத சிறு வணிகர்கள் பலர் கடையை மூடினர். இன்று பயன்பாட்டில் இருப்பவை ஐந்தரை லட்சத்துக்கும் குறைவு. இதுவரை உறுதிசெய்யப்பட்ட கசிவுகளின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பெரும்பாலான இடங்கள் தூய்மை செய்யப்பட்டுள்ளன. ஆனால், காலம் தாழ்ந்த இடங்களும் உண்டு. கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் 1996-இல் தன் குடிநீர்க் கிணறுகளில் ஏறத்தாழப் பாதியை மூட நேர்ந்தது. ஈயத்துக்கு மாற்றாகப் பெட்ரோலில் சேர்க்கப்பட்ட எம்டிபிஇ என்னும் வேதிப்பொருள் கசிந்து கிணறுகளை அடைந்திருந்தது. நுண்ணுயிர்கள் அதை எளிதில் தொடுவதில்லை. நீரில் நன்கு கரையும். மிகச் சிறிய அளவிலேயே தண்ணீரின் சுவையைக் கெடுக்கும். காற்றைத் தூய்மையாக்கச் சேர்த்த பொருள் நீரைக் கெடுத்தது.

அந்த விதிகளில் தொட்டியின் தரம் பற்றிய பகுதியைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது, கசிவை அறிவிப்பது பற்றிய பகுதி. கசிவு உறுதியான பிறகு அறிவித்தால் போதும் என்று அது சொல்லவில்லை. சந்தேகம் எழுந்த 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்கிறது. எது சந்தேகம் என்பதையும் அதுவே விளக்குகிறது. அக்கம்பக்கத்து அடித்தளத்திலோ சாக்கடையிலோ பெட்ரோல் வாடை வருவது, விற்பனைக் கருவி சீரின்றி ஓடுவது, தொட்டியில் காரணமின்றித் தண்ணீர் சேர்வது, கண்காணிப்புக் கருவி கசிவு எனக் காட்டுவது ஆகியன. அறிவித்தபின் ஏழு நாள்களுக்குள் தொட்டியையும் குழாய்களையும் சோதித்துச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும். நிரப்பும்போது தரையில் சிந்திய 25 காலனுக்கு, அதாவது சுமார் 95 லிட்டருக்கு, உட்பட்ட பெட்ரோலை ஒரு நாளுக்குள் துடைத்தெடுத்துவிட்டால் அறிவிக்க வேண்டியதில்லை. அற்பமானவற்றால் அலுவலகங்கள் மூழ்கிவிடாமலிருக்க அந்த விலக்கு.

சந்தேகத்தையே அறிவிக்கச் சொல்வது ஏன்? கசிவைக் கண்டுபிடிப்பதில் உள்ள கணக்கைப் பார்த்தால் புரியும். பெட்ரோல் வெப்பத்தில் விரியும், குளிர்ச்சியில் சுருங்கும். 20,000 லிட்டர் பெட்ரோலின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் மாறினாலே ஏறத்தாழ 24 லிட்டர் கூடும் அல்லது குறையும். வெயிலில் வந்த லாரியின் சரக்கு, குளிர்ந்த மண்ணுக்குள் இறங்கி ஐந்து டிகிரி தணிந்தால் நூறு லிட்டருக்கு மேல் 'காணாமல்' போகும். ஆவியாதல் வேறு, கோலைப் படிக்கும் கண்ணின் பிழை வேறு. இவற்றையெல்லாம் கருதி அமெரிக்க விதி, பேரேட்டு முறையைப் பின்பற்றுவோருக்கு ஒரு வரம்பு வைத்தது: மாத விற்பனையில் 1 சதவீதமும் அதற்கு மேல் 130 காலனும். மாதம் ஒரு லட்சம் லிட்டர் விற்கும் தொட்டிக்கு இது சுமார் 1,500 லிட்டர். அதற்குக் குறைவான வேறுபாடு கணக்கின் இரைச்சலில் கரைந்துவிடும். இந்த முறை போதாது என்பதால்தான் சில ஆண்டுகளுக்கு மட்டும் அதை அனுமதித்தார்கள். அதுவும் தொட்டியின் இறுக்கத்தைத் தனியே சோதிக்கும் நிபந்தனையோடு. மின்னணு அளவுமானி மணிக்கு 0.2 காலன் கசிவைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அங்குள்ள தரம். அது நாளொன்றுக்கு 18 லிட்டர்; ஆண்டுக்கு 6,600 லிட்டர்.

இப்போது அந்த டீலரின் கேள்விக்கு வரலாம். "கசிந்தால் நஷ்டம் முதலில் எனக்குத்தானே?" நாளொன்றுக்கு 18 லிட்டர் என்றால், லிட்டர் நூறு ரூபாய் விலையில் 1,800 ரூபாய். மாதத்துக்கு 54,000 ரூபாய். அதைத் தடுக்க வேண்டுமானால் சிமென்ட் தளத்தை உடைத்து, தொட்டியை வெளியே எடுத்து, புதியதைப் புதைக்க வேண்டும். அத்தனை நாளும் விற்பனை இல்லை. செலவு பல லட்சங்கள். அதன்பின் மண்ணையும் நீரையும் தூய்மை செய்யும் பொறுப்பு தலையில் விழுந்தால் கணக்கே தலைகீழாகும். ஆகவே, 'இன்னும் கொஞ்சநாள் பார்ப்போம்' என்று ஒருவர் காத்திருப்பது பொருளியல் நோக்கில் முற்றிலும் அறிவார்ந்த முடிவு. அவர் இழப்பது பெட்ரோலின் விலையை மட்டுமே. கிணற்றின் விலை அவர் பேரேட்டில் எந்தப் பத்தியிலும் இல்லை. புறவிளைவு என்று வகுப்பறையில் நாங்கள் கரும்பலகையில் வரைந்து காட்டும் விஷயம் இதுதான். கூடவே இன்னொரு சிக்கல்: அறிந்தவருக்குச் சொல்ல விருப்பமில்லை, பாதிக்கப்படுபவருக்கு அறிய வழியில்லை.

அமெரிக்கர்கள் தண்டனையை மட்டும் நம்பாமல், உண்மையைச் சொல்பவர் அழிந்துபோகாமலிருக்க வழிசெய்தார்கள். 1986-இல் ஒரு காலனுக்கு ஒரு சென்ட்டில் பத்தில் ஒரு பங்கு வரி விதித்து, கசியும் தொட்டிகளுக்கான அறக்கட்டளை நிதியை உருவாக்கினர். உரிமையாளர் யாரென்றே தெரியாத, அல்லது திவாலான இடங்களை அதைக்கொண்டு தூய்மை செய்யலாம். மேலும், பெட்ரோல் விற்கும் ஒவ்வொருவரும் ஒரு நிகழ்வுக்கு 10 லட்சம் டாலர் வரை ஈடுகட்டும் நிதித் திறன் தனக்கு உண்டென்று காட்ட வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் தொடக்கத்தில் தயங்கியதால் பல மாநிலங்கள் தாமே பொது நிதியம் அமைத்தன.

இதிலும் ஒரு பாடம் இருக்கிறது. பொது நிதியத்தில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கட்டணம்; பழைய தொட்டி வைத்திருப்பவருக்கும் புதியது வைத்திருப்பவருக்கும் வேறுபாடு குறைவு. பிறகு எதற்காக ஒருவர் புதிய தொட்டி வாங்குவார்? மிச்சிகன் மாநிலத்தின் நிதியம் 1995-இல் நொடித்துப்போனது. அதன்பின் அங்குள்ளவர்கள் தனியார் காப்பீட்டுக்கு மாற நேர்ந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் தொட்டியின் வயதையும் தரத்தையும் பார்த்துக் கட்டணம் நிர்ணயித்தன. வார்ட்டன் வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஹோவர்ட் குன்ரூதரும் அவருடைய சகாக்களும் இதை அண்டை மாநிலங்களுடன் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மிச்சிகனில் கசிவுகள் 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருந்தன. ஆய்வாளரும் அதிகாரியும் செய்யாததைப் பிரீமியம் ரசீது செய்தது. சந்தையின் எல்லைகளைப் பற்றியே வாழ்நாளெல்லாம் பேசிவந்த எனக்கு இதை எழுதுவதில் சிறு தயக்கம் உண்டு. ஆனால் ஆதாரம் ஆதாரம்தான்.

இன்னோர் ஆய்வு 2021-இல் வெளியானது. கசியும் தொட்டிகளுக்கு அருகே வசித்த கர்ப்பிணிகளின் குழந்தைகளைப் பற்றிப் பொருளியல் அறிஞர் மிஷெல் மார்கஸ் செய்தது. கசிவுக்கு ஆட்பட்ட கருவுக்கு எடை குறைவாகவோ குறைமாதத்திலோ பிறக்கும் வாய்ப்பு 7 முதல் 8 சதவீதம் அதிகரித்தது. தடுப்புத் தொழில்நுட்பத்தைக் கட்டாயமாக்கிய விதிகளைப் பின்பற்றிய இடங்களில், பிறப்பு எடை மீதான பாதிப்பு முழுவதும் நீங்கியது. அதே ஆய்வில் மற்றொரு செய்தி: கசிவு பற்றிய தகவல் வெளியானபோது விலகிச் சென்றவர்கள், வீடு மாறியவர்கள், பெரும்பாலும் அதிகம் படித்த தாய்மார்கள். அறிவிப்பு என்பது அலுவலகக் கோப்பில் கிடந்தால் போதாது. அது எல்லோருக்கும் புரியும் மொழியில் வீட்டு வாசலுக்கு வர வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நம் நாட்டில் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டமும், அதன்கீழ் வந்த 2002-ஆம் ஆண்டு விதிகளும் அடிப்படை. உரிமம் வழங்குவது நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. அந்த அமைப்பின் பெயரே அதன் பார்வையைச் சொல்லிவிடுகிறது. 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு விபத்தை அறிவிப்பது பற்றியது. பெட்ரோலியமோ அதன் ஆவியோ தீப்பற்றி, அதனால் வெடிப்போ தீயோ ஏற்பட்டு, உயிரிழப்போ கடுமையான காயமோ உடைமைச் சேதமோ நேர்ந்தால், உடனே நடுவருக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பதோடு வெடிபொருள் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தீப்பற்றாமல், சத்தமின்றி, ஐந்தாண்டுகள் கசிந்து ஒரு தெருவின் கிணறுகளைக் கெடுக்கும் பெட்ரோல் அந்தப் பிரிவின் கண்ணில் படாது. சாக்கடையிலோ நீர்நிலையிலோ பெட்ரோல் கலக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. கலந்துவிட்டால் எத்தனை மணி நேரத்தில், யாரிடம், எந்தப் படிவத்தில் என்ற தெளிவை அங்கே காணோம்.

1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் இதைவிடப் பரந்தது. நிலத்தடி நீரையும் உள்ளடக்கியே அது 'ஓடை' என்ற சொல்லை வரையறுக்கிறது. எதிர்பாராத நிகழ்வால் மாசுப்பொருள் கிணற்றிலோ நிலத்திலோ கலந்தாலும், கலக்கக்கூடும் என்றாலும், பொறுப்பிலுள்ளவர் உடனடியாக மாநில வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதன் 31-ஆவது பிரிவு. நல்ல பிரிவு. ஆனால், ஒரு பெட்ரோல் நிலையத்தில் எந்த நிகழ்வு அந்த வாசகத்துக்குள் வரும்? கோலில் இருநூறு லிட்டர் குறைந்தாலா? பசை நிறம் மாறினாலா? பக்கத்து வீட்டுக்காரர் செம்போடு வந்து நின்றாலா? சந்தேகத்துக்கு வரையறை இல்லாதவரை, 'உடனடியாக' என்ற சொல்லுக்குக் கடிகாரம் இல்லை.

தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தலையீட்டுக்குப் பிறகு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் புதிய நிலையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. பள்ளி, மருத்துவமனை, குடியிருப்புப் பகுதி ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி அமைய வேண்டும். இட நெருக்கடி இருந்தால் கூடுதல் பாதுகாப்புடன் 30 மீட்டர் என்பது அதில் பலரும் அறிந்த பகுதி. பொதுவெளியில் விவாதம் அந்த 50 மீட்டரைச் சுற்றியே நடந்தது. ஏற்கெனவே நடுத்தெருவில் நிற்கும் பழைய நிலையங்களின் பழைய தொட்டிகளைப் பற்றி அவ்வளவு பேச்சில்லை. 2025 ஜூலையில், மாசடைந்த இடங்களை நிர்வகிக்கும் தனி விதிகளை மத்திய அரசு அறிவிக்கை செய்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகமோ உள்ளாட்சி அமைப்போ ஆண்டுக்கு இருமுறை தர வேண்டும். மாநில வாரியம் 90 நாள்களுக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். வரவேற்க வேண்டிய தொடக்கம். எனினும், மாசு வெளியே தெரிந்த பிறகே இந்தப் பட்டியல் தொடங்கும். பேரேடு அதற்கு எத்தனையோ மாதங்களுக்கு முன்பே அறிந்திருக்கும்.

தாமதத்தின் விலையைத் தமிழர்கள் அறியாதவர்கள் அல்லர். சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. பூமிக்கடியில் சென்ற எண்ணெய்க் குழாயின் கசிவு காரணம் எனப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குச் சென்றது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் நேர்ந்தது தொட்டிக் கசிவு அன்று. அனல் மின் நிலையத்தின் கழிவெண்ணெய். ஆனால், சுண்ணாம்புப் பாறை நிலத்தில் கிணற்றையே நம்பி வாழும் மக்களின் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. 2015-இல் தொடரப்பட்ட வழக்கில் 2019 ஏப்ரலில்தான் இலங்கை உச்ச நீதிமன்றம் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இரண்டு ஊர்களிலும் முதலில் சொன்னவர்கள் கிணற்றுக்காரர்களே.

இந்தியாவில் பேரேடு வாய் திறக்காததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை எனக்குச் சொன்னவர், வேறோர் ஊரில் முப்பதாண்டு டீலராக இருந்து ஓய்வுபெற்ற என் பழைய மாணவரின் தந்தை. பெரும்பாலான நிலையங்களில் தொட்டியும் குழாயும் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. அன்றாடம் நடத்துபவர் டீலர். நிறுவனத்தின் விற்பனை ஒழுங்கு நெறிகளின்படி, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் இருப்பில் வேறுபாடு இருந்தால் அது முறைகேட்டின் அறிகுறி. கலப்படமோ, கள்ள விற்பனையோ, அளவில் மோசடியோ என்று சந்தேகம் டீலர் மீது பாயும். "சரக்கு குறைகிறது என்று எழுதினால் திருடன் என்பார்கள் சார். எழுதாமல் சரிக்கட்டினால் நல்ல டீலர்" என்றார் அவர். வாடிக்கையாளர் ஏமாற்றப்படாமல் காக்க ஏற்பட்ட நெறி அது, தேவையான நெறிதான். ஆனால் ஒரே பேரேட்டைத் திருட்டைப் பிடிக்கவும் கசிவைப் பிடிக்கவும் பயன்படுத்தும்போது, முதல் வேலை இரண்டாவதைக் கெடுத்துவிடுகிறது.

சந்தேகத்தைத் தானாக முன்வந்து அறிவிக்கும் டீலருக்கு, அந்த வேறுபாட்டின் பேரில் நடவடிக்கை இல்லை என்ற பாதுகாப்பு வேண்டும். சோதனையில் கசிவு இல்லையென்று தெரிந்தால், பிறகு திருட்டைப் பற்றி விசாரிக்கட்டும். அறிவிக்காமல் மறைத்து, பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால் தண்டனை பன்மடங்காகட்டும். தொட்டி நிறுவனத்தின் சொத்து என்பதால் தூய்மைச் செலவும் நிறுவனத்தையே சேர வேண்டும். அளவுமானிகளின் தரவு ஏற்கெனவே நிறுவனங்களின் கணினிகளுக்குச் செல்கிறது. அதன் ஒரு பிரதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் செல்லத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அன்று.

பணம்? கணக்கிட்டுப் பார்த்தேன். நாம் ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டன் பெட்ரோலும் 9 கோடி டன் டீசலும் எரிக்கிறோம். லிட்டராக மாற்றினால் ஏறத்தாழ 16,000 கோடி லிட்டர். லிட்டருக்கு ஒரு பைசா ஒதுக்கினால் ஆண்டுக்கு 160 கோடி ரூபாய். பெட்ரோல் விலையில் ஒரு பைசாவை யாரும் உணரப்போவதில்லை. மிச்சிகன் பாடத்தை மறக்காமல், அதைத் தொட்டி மாற்றும் செலவுக்குக் கொடுக்கக் கூடாது. கைவிடப்பட்ட நிலையங்களுக்கும், கிணறு கெட்ட குடும்பங்களுக்கு மாற்றுக் குடிநீர் தருவதற்கும், நீர்ப் பரிசோதனைக்கும் மட்டுமே அது போதுமானது.

அவசரத்துக்கு ஒரு காரணமும் இருக்கிறது. நம் பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால். எத்தனால் நீரை ஈர்க்கும். முன்பு ஓட்டை வழியே உள்ளே வந்த மழைநீர் அடியில் தனியே தங்கும். பசை அதைக் காட்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் சிறிதளவு நீர் கரைந்து மறைந்துவிடும். அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரியும். அதற்கேற்ற பசையும் கருவியும் வேண்டும். மண்ணுக்குள்ளும் வேறுபாடு உண்டு. நுண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத் தின்கின்றன. பென்சீன் காத்திருக்கும் நேரத்தில் இன்னும் தொலைவு பயணம் செய்கிறது. அமெரிக்க விதி, எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டினால் தொட்டியும் குழாயும் அதற்கு ஏற்றவையா என்று சான்று காட்டச் சொல்கிறது. நம் பழைய தொட்டிகளுக்கு யாரேனும் அப்படிக் கேட்டார்களா என்பதை எண்ணெய் நிறுவனங்கள்தாம் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டும்.

சென்ற கோடையில் எங்கள் தெருமுனை நிலையத்தைப் புதுப்பித்தார்கள். கிரேன் கொண்டு பழைய தொட்டிகளைத் தூக்கியபோது நானும் ரயில்வே நண்பரும் வேடிக்கை பார்த்தவர்களுள் இருந்தோம். ஒரு தொட்டியின் அடிப்பாகம் அம்மைத் தழும்புபோலக் குழிவிழுந்திருந்தது. ஓரிடத்தில் வெளிச்சம் தெரிந்தது. குழியிலிருந்து எடுத்த மண் கறுத்திருந்தது. அன்று மாலை வரை தெரு முழுவதும் வாடை. மண்ணை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று லாரி ஓட்டுநரிடம் கேட்டேன். "ஏரிக்கரை ஓரம் ஒரு பள்ளம் இருக்கு சார், நிரப்பச் சொல்லியிருக்காங்க" என்றார். யாரும் மண்ணில் ஒரு பிடி எடுத்து மாதிரிக்கு வைத்ததாகத் தெரியவில்லை.

"இனி கிணற்றைத் திறக்கலாமா சார்?" என்று நண்பர் கேட்டார். பரிசோதிக்காமல் வேண்டாம் என்றேன். எங்கே பரிசோதிப்பது என்றார். வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் உப்பு, கடினத்தன்மை, புளோரைடு, கிருமி இவற்றைப் பார்ப்பார்கள். பென்சீனை அறிய வேறு கருவி வேண்டும், வேறு கட்டணம் வேண்டும். நான்கு இடங்களில் விசாரித்தோம். கடைசியில் ஒரு தனியார் ஆய்வகம் சொன்ன தொகை அவருடைய ஓய்வூதியத்தில் கணிசமான பங்கு. மோட்டார் அறையின் பூட்டை அவர் இன்னும் திறக்கவில்லை.